நீலம் பாய்ந்த கத்தி

கோவில்பட்டி
10-4-1979

திரு. நல்லசிவம் அவர்களுக்கு, மாயம்மாள் எழுதுவது.

கல்யாணத்துக்கு முன்னால் நீங்களும் நானும் கடிதம் எழுதிக்கொள்வது அப்பாவுக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன், விஷயம் அப்படிப்பட்டது.

மாசியில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு கத்தி கொடுத்தீர்கள். ஈட்டி மரப் பிடி போட்டது. "மாப்ள, நீங்களா செஞ்சீய?" என்று அப்பா கேட்டார். "ஆமா மாமா" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மட்டாஞ்சேரி வீட்டுப் பின்பக்கம் உலை போட்டேன், சிரட்டைக் கரியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சினேன், தண்ணீரில் முக்கினேன், சுர்ரென்று சத்தம் வந்தது என்று வீடு நிறைய சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னீர்கள். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவனைக்கூட நிறுத்திவைத்து, "நம்ம மாப்ள மிளகு கிட்டங்கில எடை போடுத கிளார்க்குதான், ஆனா கையில தொழில் இருக்கு பாத்துக்க" என்று அந்தக் கத்தியைக் காட்டுகிறார்.

நேற்று சேனைக்கிழங்கு நறுக்கும்போது பிடி ஆடியது. நான் சைக்கிள் கடைக்காரர் மகள். ஆடுகிற எதையும் அப்படியே விட எனக்குத் தெரியாது. ரிவிட்டைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு நங்கூர முத்திரை, அதைச் சுற்றித் தமிழும் இல்லாத இங்கிலீஷும் இல்லாத ஏதோ ஒரு எழுத்து. உங்கள் உலையில் நங்கூரமும் தானாக விளையுமோ?

பிடியைத் திரும்பவும் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் எதைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்குமோ என்று ஆயுசு பூராவும் பயந்துகொண்டு குடும்பம் நடத்த என்னால் முடியாது.

அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் சொன்ன கத்தியை நிஜமாகவே செய்யுங்கள். உங்கள் கையால், வேறு யார் கையும் படாமல். உடைந்தால் உடைந்ததை எனக்கு அனுப்புங்கள். நல்ல கத்தியை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம், உடைந்த கத்தியை யாரும் விற்பதில்லை. ஆடி பிறந்துவிட்டால் அப்பா நல்ல காரியம் எதையும் தொட மாட்டார், அதனால் ஆனி முடிவதற்குள் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். அதுவரைதான் உங்களுக்கு நேரம். பிறகு அப்பாவிடம் நானே சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன்.

கடை விலாசத்துக்கே எழுதுங்கள். தபால் வரும் நேரத்தில் நான்தான் கடையில் இருப்பேன்.

மாயம்மாள்


மட்டாஞ்சேரி
17-4-1979

அன்புள்ள மாயம்மாளுக்கு,

உன் கடிதத்தைக் கிட்டங்கியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்று படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகைக் காரணம் சொன்னேன். அதுவும் பொய்தான். இனி உன்னிடம் பொய் சொல்வதில்லை என்று இருப்பதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கத்தியின் தகடு இங்கே யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஏதோ கப்பல் சமையல்கட்டில் இருந்ததாம். துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து வந்து தேய்த்து, பிடியை மட்டும் நான் செதுக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. "பிடி மட்டும் நான் போட்டது மாமா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நீயும் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தாய். வாய் தானாக ஓடிவிட்டது.

ஆனால் மாயம்மாள், உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, பயத்தால் மட்டும் இல்லை. நிஜமாகவே செய்தால் என்ன? எனக்கு ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை? விஷு லீவில் பின்பக்கத்தில் செங்கல் அடுக்கி உலை போட்டுவிட்டேன். துருத்திக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் டின்னைக் கூம்பாக வெட்டி, டேபிள் ஃபேன் முகத்தில் கட்டி, காற்றைக் குழாய் வழியாக உலைக்குள் விட்டேன். கரி என்னமாய்ச் சிவந்தது தெரியுமா! அம்மா ஃபேனைக் கேட்டு இரண்டு நாளாகச் சண்டை போடுகிறார்கள். வியர்த்துக்கொண்டு இருங்கள் அம்மா, கல்யாணம் நடக்க வேண்டாமா என்றேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வரும் ஞாயிறு ஆரம்பம். இன்லண்டில் இடம் முடிந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன்: உடைந்தாலும் அனுப்புவேன்.

நல்லசிவம்


மட்டாஞ்சேரி
7-5-1979

அன்புள்ள மாயம்மாளுக்கு,

பார்சல் வந்திருக்கும். அதுதான் முதல் கத்தி. கத்தியாக இருந்தது ஒரு நிமிஷம்தான்.

இரண்டு ஞாயிறு சுத்தியலால் அடித்தேன், மூன்றாவது ஞாயிறுக்குள் தினமும் சாயங்காலம் அரத்தால் ராவினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கிட்டங்கியில் தராசுச் சங்கிலியைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் உருவம் வந்ததே! இரும்பு என் கைக்கு அடங்கி வருவதைப் பார்த்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நேற்று காலை செக்கச்செவேலென்று காய்ச்சி, நிச்சயத்தன்று நான் சொன்னேனே, அதேபோல வாளித் தண்ணீரில் முக்கினேன். சுர்ரென்றுதான் சத்தம் வந்தது. கூடவே 'டிங்' என்று இன்னொரு சத்தம். எடுத்துப் பார்த்தால் குறுக்கே தலைமுடி போல ஒரு வெடிப்பு. கையால் லேசாக வளைத்தேன், இரண்டாகிவிட்டது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் சொன்ன பொய்யின்படி செய்தால் கத்தியே வராது! அதையாவது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கலாம்.

தபால் ஆபீஸில் உள்ளே என்ன என்றார்கள். உடைந்த இரும்பு என்றேன். கோவில்பட்டியில் உடைந்த இரும்பு கிடைக்காதா என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். இந்த இரும்பு கிடைக்காது என்றேன்.

நல்லசிவம்


கோவில்பட்டி
12-5-1979

உங்களுக்கு,

பார்சலைப் பிரித்தேன். முறிந்த இடத்தைப் பார்த்தீர்களா? மணல் போலப் பொரபொரவென்று இருக்கிறது. அதிகமாகக் காய்ச்சிவிட்டீர்கள். நான் சொல்லவில்லை, கடைக்குப் பக்கத்தில் அரிவாள் அடிக்கிற முப்பிடாதி ஆசாரியிடம் காட்டினேன். யார் செய்தது என்றார். தெரிந்தவர் என்றேன். "தெரிஞ்சவன்னா தண்ணிய வுட்டுட்டு எண்ணெயில முக்கச் சொல்லு தாயி" என்றார்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தேன், கத்தியின் வளைவு நன்றாகத்தான் இருந்தது. முனைப் பக்கம் கொஞ்சம் கோணல்.

இத்துடன் இரண்டு அரம் அனுப்புகிறேன். பல் தேய்ந்துபோனது என்று அப்பா தூக்கிப் போட்டவை. ஆனால் இரும்பு என்னவோ நல்ல இரும்பு, லாரிப் பட்டையை விட உசத்தி. முதலில் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஒரு நாள் ஆறவிடுங்கள். அப்போதுதான் மெத்தென்று ஆகும், இல்லாவிட்டால் ராவ முடியாது. வேறு யார் கையும் படக்கூடாது என்று சொன்னேன். அரம் கொடுப்பது கை படுவதில் சேராது.

மாயம்மாள்


மட்டாஞ்சேரி
28-5-1979

மாயம்மா,

கடிதம் முழுக்க அடித்தல் திருத்தலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி சாம்பலில் ஆறவைத்தேன். மறுநாள் அரத்தால் ராவினால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது! எவ்வளவு காய்ச்சுவது என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய ரேடியோ ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தேன். சரியான சூடு வந்ததும் இரும்பில் காந்தம் ஒட்டுவதில்லை! இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஸ்கூலில் படித்தது எங்கோ மூளையில் கிடந்திருக்கிறது.

எண்ணெய் என்றாயே, என்ன எண்ணெய் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் எண்ணெய் என்றால் ஒன்றுதான். அம்மா கோவிலுக்குப் போன நேரம் பார்த்து இரண்டு லிட்டர் தேங்காயெண்ணெயை வாளியில் ஊற்றி முக்கினேன். குப்பென்று தீ! புருவத்தில் பாதி போய்விட்டது, கல்யாணத்துக்குள் முளைத்துவிடும். தெரு முழுக்க வாசனை. பக்கத்து வீட்டு ராசப்பன் சேட்டன், படகு பழுது பார்க்கிறவர், மதில் மேல் தலையை நீட்டி, "எந்தா நல்லசிவா, பப்படம் காய்ச்சுகயா?" என்றார். கத்தி என்றேன். அவர் சாயா கிளாஸோடு வந்து நின்றுகொண்டார்.

வெடிப்பு இல்லை! வளைவு இல்லை! புது அரத்தை ஓட்டிப் பார்த்தேன், கண்ணாடியில் உரசுவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கெட்டி. நான் குதித்தேன் மாயம்மா. ராசப்பன் சேட்டனைக் கட்டிப் பிடித்தேன். அப்போதுதான் கத்தி கையிலிருந்து நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. முறுக்கு உடைகிற மாதிரி மூன்று துண்டு.

மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். அதிகக் கெட்டியாகிவிட்டது என்று சேட்டன் சொல்கிறார். கெட்டியைக் கொஞ்சம் எப்படிக் குறைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. உன் முப்பிடாதி ஆசாரியிடம் கேட்பாயா?

நல்லசிவம்


கோவில்பட்டி
4-6-1979

அத்தான்,

ஆசாரி ஊரில் இல்லை, மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். நல்லதாய்ப் போயிற்று. நானே கண்டுபிடித்துவிட்டேன்!

உங்கள் துண்டுகளில் நீளமானதை எடுத்து, உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி பளபளவென்று தேய்த்தேன். வெறும் பார்வைக்குத்தான் தேய்த்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. காலையில் தோசை சுட்டு முடித்த பிறகு கல் நல்ல சூட்டில் இருந்தது. என்னவோ தோன்றி அந்தத் துண்டை அதன் மேல் வைத்தேன். அத்தான், இரும்பு நிறம் மாறுகிறது! முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் இளமஞ்சள், வைக்கோல் நிறம். அடுப்பைத் தூண்டினேன், பழுப்பு. அப்புறம் கத்திரிப்பூ நிறம். கடைசியில் மயில் கழுத்து நீலம். நான் அடுப்பு முன்னால் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கடையில் எத்தனையோ இரும்பைச் சூடுபடுத்தியிருக்கிறேன், துருவும் கிரீஸுமாக இருப்பதால் இது கண்ணில் பட்டதே இல்லை.

மற்றத் துண்டுகளையும் சின்னச் சின்னதாக உடைத்துத் தேய்த்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு, கடை வைஸில் பிடித்து உடைத்துப் பார்த்தேன். சூடு காட்டாதது பட்டென்று உடைந்தது. நீலத்துக்குப் போனது கம்பி மாதிரி வளைகிறது, அரம் அதைத் தின்கிறது. வைக்கோல் நிறம்தான் சரி! சுலபத்தில் உடையவும் இல்லை, அரத்துக்கும் அசையவில்லை. இரண்டாவது அரத்தைச் செய்து எண்ணெயில் முக்கியதும் தோசைக்கல்லில் வையுங்கள். வைக்கோல் நிறம் வந்த நொடியில் எடுத்துவிடுங்கள். நீலத்துக்குப் போகவிட்டால் எல்லாம் போச்சு.

அப்பா தோசைக்கல்லைப் பார்த்து, "ஏட்டி, இதுல என்னத்தச் சுட்ட?" என்றார். நானும் இப்போது பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், எள்ளு வறுத்தேன் என்றேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சீக்கிரம் முடியுங்கள்.

மாயம்மாள்


மட்டாஞ்சேரி
20-6-1979

மாயம்மா,

இடவப்பாதி, அதாவது இங்கத்துப் பருவமழை, தொடங்கிவிட்டது. மழை என்றால் உங்கள் ஊர் மழை இல்லை, பத்து நாளாக வானம் வெளுக்கவே இல்லை. உலை குளமாகிவிட்டது. கரி நனைந்து புகைகிறதே தவிரப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க வீண். நான் வாசலில் உட்கார்ந்து தேதியை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து ராசப்பன் சேட்டன் தன் படகுக் கொட்டகையில் ஒரு மூலையைக் கொடுத்தார். செங்கல்லையும் ஃபேனையும் அங்கே சுமந்தேன். இடம் மட்டும்தான் அவருடையது, கை என்னுடையது.

கத்தி உருவம் வந்துவிட்டது! முதுகுப் பக்கத்தில் அரத்தின் பல் வரிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், எதிலிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். முனைக் கோணல் இந்த முறை இல்லை. வரும் ஞாயிறு எண்ணெய், உடனே தோசைக்கல். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிறகு தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவி எடுத்து வைத்தார்கள்.

நல்லசிவம்


மட்டாஞ்சேரி
6-7-1979

மாயம்மா,

இத்துடன் கத்தி வருகிறது. கடிதத்தை முதலில் படி, பிறகு கத்தியைப் பார்.

கரி காயாமல் ஒரு ஞாயிறு தள்ளிப்போனாலும் எண்ணெயில் முக்கியது சரியாக வந்தது. தோசைக்கல்லில் அந்த மஞ்சள் ஊர்ந்து வந்தபோது, நீ பார்த்ததை நானும் பார்க்கிறேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. வைக்கோல் நிறத்தில் எடுத்தேன். கீழே போட்டேன், வேண்டுமென்றே போட்டேன், உடையவில்லை! ஒரே வேலைதான் பாக்கி, கூர் வைப்பது. கல்லில் கையால் தேய்த்தால் ஒரு வாரம். ஆனி முடியப்போகிறதே என்று எனக்குப் பொறுமை இல்லை. கொட்டகையில் கரண்டில் சுற்றும் சாணைக்கல் இருந்தது. "பதுக்கெ, பதுக்கெ" என்று சேட்டன் கத்தினார். மெதுவாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பொறி பறந்தது, பார்க்க அவ்வளவு அழகு. எடுத்துப் பார்த்தால் ஓரம் முழுக்க மயில் கழுத்து நீலம்.

அது என்னவென்று நீதான் எழுதியிருந்தாயே. ஒரு கயிற்றை அறுத்தேன், கூர் மடங்கிவிட்டது.

இனிமேல்தான் முக்கியமானது. அந்த நீலம் மேல்பூச்சு மாதிரி. உப்புத்தாள் போட்டால் போய்விடும். போட்டேன். போய்விட்டது. கத்தி கண்ணாடியாக இருக்கிறது. மடங்கிய கூரை நிமிர்த்திவிட்டால் முதல் நாலு நாள் காய்கறியை நன்றாகவே வெட்டும், மழுங்குவது தெரிய ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் பத்திரிகை அச்சாகிவிடும். இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டேன் மாயம்மா. சாக்கில் வைத்துத் தைத்து, உன் விலாசத்தையும் எழுதிவிட்டேன். நேற்று கிட்டங்கிக்குப் போகும்போது பார்சல் கையில் இருந்தது. தபால் ஆபீஸ் படியில் நின்றேன். நானேதான் செய்தேன், அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். படியேற முடியவில்லை. திரும்பி வந்து தையலைப் பிரித்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பார்க்க அழகாக இருக்கும். வெட்டாது. இன்னொன்று செய்ய அரமும் இல்லை, நாளும் இல்லை. தோற்றுவிட்டேன்.

மாமாவுக்கும் இன்றே ஒரு கார்டு போடுகிறேன். நிச்சயத்தன்று கொடுத்த கத்தி நான் செய்ததில்லை, பிடி மட்டும்தான் என்னுடையது, சபையில் பொய் சொன்னேன் என்று. கவரில் போடலாம். ஆனால் பொய்யை எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன், இதையும் எல்லோரும் படிக்கட்டும். நீ அவரிடம் சொல்ல வேண்டிய சிரமம் வேண்டாம். நிறுத்துவதானால் என் தப்பால் நின்றதாக இருக்கட்டும்.

இந்த மூன்று மாதமும் எனக்கு இருந்த சந்தோஷம் வேறு எப்போதும் இருந்ததில்லை. அதற்குக் காரணம் கத்தி மட்டும் இல்லை.

நல்லசிவம்


கோவில்பட்டி
13-7-1979

அத்தான்,

கார்டை எல்லோரும் படித்துவிட்டார்கள். தபால்காரர் படித்தார், டீக்கடைக்காரர் படித்தார், பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுக் கடைசியில்தான் அப்பா கைக்கு வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். முகம் கறுத்துவிட்டது. "ஏட்டி மாயம்மா, ஒனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எப்பருந்து?" சித்திரைக்கு முன்னால் இருந்து என்றேன். அப்பா கையை ஓங்கவில்லை, அதைவிட மோசம், கடையை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் கடை திறக்கவில்லை. எதிலே ஊருக்குப் பெருமை பேசினாரோ அதிலேயே அடி.

அந்த மூன்று நாளும் நான் பின்பக்கம் உங்கள் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன். நீலம் பாய்ந்தது ஓரத்தில்தானே? முழுக்கத்திக்கும் பாய்ந்திருக்காதே? கூரை விட்டுக் கொஞ்சம் மேலே அரத்தை ஓட்டினேன், வழுக்கியது. அங்கே இரும்பு கெட்டியாகவே இருக்கிறது! நீங்கள் பதற்றத்தில் அதைப் பார்க்கவே இல்லை. மெத்தென்று போன பாகத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டால் போதும். கரண்டும் வேண்டாம், சாணையும் வேண்டாம். தண்ணீரை ஊற்றி ஊற்றி, வழவழப்பான கல்லில், சூடே ஏறாமல் தேய்த்தேன். கை மரத்துப்போனது. தேய்க்கத் தேய்க்க உங்கள் மேல் கோபமாக வந்தது, ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன என்று. அடுத்த நிமிஷமே தபால் ஆபீஸ் படி நினைவுக்கு வந்தது. நான் அழுதேன். சொல்வதில் வெட்கம் இல்லை.

இன்று காலை அப்பா பின்பக்கம் வந்தார். என் முன்னால் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இது எதனால் உடைந்தது, அது எதனால் உடைந்தது என்று கேட்டார், சொன்னேன். கடைசியாகக் கத்தியைக் கொடுத்தேன். அப்பா பழைய சைக்கிள் டயர் ஒன்றை இழுத்துப் போட்டு வெட்ட ஆரம்பித்தார். டயர் எப்படிப்பட்ட சாமான் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சுற்று முழுக்கத் துண்டு துண்டாக வெட்டினார். பிறகு கட்டைவிரலால் கூரைத் தடவினார், அப்புறம் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு இழுத்தார். காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது.

"அவன் வெட்டாதுன்னுல்லா எழுதிருக்கான்?" என்றார்.

"அது அவ்வொ அனுப்பும்போது" என்றேன்.

அப்பா டயர் துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "என்னட்டி செய்யலாம்ங்கே? ஒன் இஷ்டம்தான்" என்றார். "பத்திரிகை அடிக்கக் குடுங்கப்பா" என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே அச்சாபீஸுக்குப் போனார். ஆனி முடிய மூன்று நாள்தான் இருக்கிறது.

கத்தி நீங்கள் அனுப்பியதை விட அரை விரல்கடை ஒல்லியாகிவிட்டது, அதைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. அப்பா உங்களிடம் ஒரு மாதமாவது முகம் கொடுத்துப் பேச மாட்டார், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. இதை இப்போதே எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வாய் வராது.

மத்தியானம் அச்சாபீஸிலிருந்து புரூஃப் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிழை பார்க்கச் சொன்னார் அப்பா. உங்கள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், மை ஈரமாக இருந்திருக்கிறது, ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னும் கை கழுவவில்லை.

மாயம்மாள்